மைனிக்கு எடுக்கலாம், மொத்த வீட்டுக்கும் வேண்டாம்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, 58 வயது. பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டாம் கட்டம் என்று ரிப்போர்ட். கீமோ கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டரே இரண்டு மனதாக இருக்கிறார். ரத்தத்திலேயே கட்டியின் தடயத்தைத் தேடும் ‘லிக்விட் பயாப்சி’யை எடுத்துப் பார்க்க யாரோ சொல்கிறார்கள், எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. அண்ணாச்சியின் மகளுக்கு இப்போது 11 வாரக் கர்ப்பம், கட்டிக்கொடுத்தது அக்கா மகனுக்கு. தாயின் ரத்தத்தில் கருவின் குரோமோசோம் கணக்கைப் பார்க்கும் ‘என்ஐபிடி’ சோதனை எடுத்தால் பிள்ளை நல்லா இருக்கா என்று தெரிந்துவிடுமா என்பது இரண்டாவது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு லேப் ஆள், ஒரு டியூப் ரத்தத்தில் 50 வகைக் கேன்சரைப் பிடித்துவிடலாம், குடும்பமாக எடுத்தால் தள்ளுபடி என்கிறாராம். எடுத்துவிடலாமா என்பது மூன்றாவது.

கடைசிக் கேள்விதான் அதிகம் பணம் போகிற கேள்வி. அதற்குப் பதில், வேண்டாம் அண்ணாச்சி. மகளுக்கு எடுக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. மைனிக்கு எடுப்பது யோசிக்க வேண்டிய விஷயம், அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்றும் ஒரே வகைச் சோதனைதான். பிறகு ஏன் மூன்று பதில் என்று கேட்பீர்கள். இருபது வருடத்துக்கு மேல் லேபில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. சாகிற செல்லின் டிஎன்ஏ துண்டு துண்டாகி ரத்தத்தில் கொஞ்ச நேரம் மிதக்கும். பூக்கடையில் தொடுத்த சரம் வேறு, உதிரிப்பூ வேறு இல்லையா? செல்லுக்குள் இருப்பது சரம் என்றால் இது உதிரி. நான் உதிரி டிஎன்ஏ என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 166 எழுத்து, அதாவது டிஎன்ஏ நூலில் 166 கண்ணி, நீளம் இருக்கும். அது என்ன 166? செல்லுக்குள் டிஎன்ஏ நூல், சின்னச் சின்னப் புரத உருளைகளின் மேல் சுற்றிக் கிடக்கிறது. ஓர் உருளையில் 147 எழுத்து சுற்றியிருக்கும், அடுத்த உருளைக்குப் போகிற வழியில் இருபது எழுத்துபோல வெறும் நூல். செல் சாகும்போது வெட்டுகிற நொதிக்கு, சுற்றிய இடத்தில் கத்தி நுழையாது, இடைவெளியில்தான் வெட்ட முடியும். அதனால்தான் தறியில் அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம். இந்தத் துண்டுகள் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். அதுதான் இதன் அருமை. இன்றைக்கு ரத்தத்தில் பார்ப்பது இன்றைக்குச் செத்த செல்லின் சேதி, போன மாதத்துப் பழங்கதை இல்லை.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். பிரான்சில் மாண்டெல், மெட்டே என்ற இருவர், செல்களை நீக்கிய ரத்த நீரான பிளாஸ்மாவில் டிஎன்ஏ போன்ற நியூக்ளிக் அமிலங்கள் இருப்பதை 1948ல் எழுதிவிட்டார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிந்ததே 1953ல்தான். என்ன செய்வது, கேட்க ஆள் இல்லை. 1977ல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இது அதிகமாக இருப்பதைப் பார்த்தார்கள். அதில் ஒரு பங்கு கட்டியிலிருந்தே வருகிறது என்பதற்கு 1989ல் தடயம் கிடைத்தது. 1997ல் ஹாங்காங் மருத்துவ விஞ்ஞானி டென்னிஸ் லோ வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்திலிருந்து எட்டு வருடம், தாயின் ரத்தத்தில் பிள்ளையின் முழுச் செல்களைத் தேடித் தேடிச் சலித்துப்போனவர். கட்டியின் டிஎன்ஏ பிளாஸ்மாவில் மிதக்கிறது என்று படித்ததும், கருவும் ஒரு கட்டியைப்போல அம்மாவின் உடம்பில் ஒட்டி வளர்வதுதானே என்று யோசித்தார். ஹாங்காங்கில் நூடுல்ஸ் வேகவைக்கும்போது, பிளாஸ்மாவையும் இப்படிக் கொதிக்கவைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதாம். ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தார். ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் பிளாஸ்மாவில், ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் துண்டுகள் கிடைத்தன. அதுவரை எல்லாரும் செல்லை வைத்துக்கொண்டு பிளாஸ்மாவைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டினதில்தான் சரக்கு இருந்தது.

சரி, இனி கணக்குக்கு வருவோம். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு டியூபில் 10 மில்லி ரத்தம் எடுத்தால் சுமார் 4 மில்லி பிளாஸ்மா தேறும். நோயில்லாத ஆளுக்கு மில்லிக்கு 5 நானோகிராம் உதிரி டிஎன்ஏ என்று வையுங்கள், மொத்தம் 20 நானோகிராம். மனித டிஎன்ஏவின் ஒரு முழுத் தொகுப்பு 3.3 பிக்கோகிராம் எடை. வகுத்துப் பார்த்தால் உங்கள் டியூபில் இருப்பது சுமார் 6,000 பிரதி. அவ்வளவுதான். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாக இருந்தாலும், அமெரிக்காவிலிருந்து இறக்கினாலும், டியூபில் 6,000 பிரதிதான். சின்னதாக, ஆரம்ப நிலையில் இருக்கிற கட்டியிலிருந்து வருவது பத்தாயிரத்தில் ஒன்று என்றால், உங்கள் டியூபில் கட்டியின் டிஎன்ஏவுக்கே உரிய எழுத்துப் பிழையைத் தாங்கிய துண்டு ஒன்றுகூட இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும். அது பொய்யில்லை, டியூபில் இல்லைதான். ஆனால் உடம்பில் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இதற்கு ஒரு வழி உண்டு. கட்டியில் என்னென்ன எழுத்துப் பிழை இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், ஒன்றுக்குப் பதில் பதினாறு, இருபது பிழைகளைச் சேர்த்துத் தேடலாம். கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதற்கும், ஒரே பந்தியில் சாப்பிட்ட இருபது பேரில் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று தேடுவதற்கும் உள்ள வித்தியாசம். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவனுக்கு இது அருமையான சோதனை. சும்மா எடுத்துப் பார்ப்போம் என்பவனுக்கு இது பணம் பிடித்த சோதனை.

மூன்றாவது கேள்வி இதோடு தீர்ந்ததுபோலத்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பல கேன்சரை ஒன்றாகத் தேடும் சோதனைகள் எழுத்துப் பிழையை மட்டும் நம்புவதில்லை. டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகளைப் பார்க்கின்றன. அந்தக் குறி கல்லீரல் செல்லில் ஒரு மாதிரி, நுரையீரலில் ஒரு மாதிரி இருக்கும். தாமிரபரணியில் தண்ணீர் பெருகி வரும்போது குறுக்குத்துறையில் நிற்கிற பெரியவர், மூங்கில் மிதந்தால் மலைமேல் மழை என்பார், வாழை மிதந்தால் வயலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்பார். அதேபோல இந்தத் துண்டு எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று ஊகிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எண்ணைப் பாருங்கள். இந்த வகையில் அதிகம் பேசப்படுவது கிரெயில் நிறுவனத்தின் கேலரி சோதனை. 2021ல் வெளியான அவர்களுடைய ஆய்விலேயே முதல் கட்டப் புற்றுநோயில் 100க்கு 17ஐத்தான் பிடித்தது. நாலாம் கட்டத்தில் 90. நாலாம் கட்டத்தைக் கண்டுபிடிக்க நமக்கு இவ்வளவு பெரிய சோதனை எதற்கு? ஒட்டுமொத்தமாகப் பாதியைப் பிடித்தது. நோயில்லாத 1,000 பேரில் 5 பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று சொல்லும். இப்போது உங்கள் ஊரில் 50 வயது தாண்டிய 1,000 பேரை எடுங்கள். தாராளமாகவே 10 பேருக்கு மறைந்திருக்கும் கேன்சர் இருக்கிறது என்று வைப்போம். 5 பேரைப் பிடிக்கும், 5 பேரை விடும், இல்லாத 5 பேரைப் பயமுறுத்தும். பயந்த அந்த ஐந்து பேர் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பெட் ஸ்கேன் என்று மதுரைக்கும் சென்னைக்கும் அலைவார்கள். விடுபட்ட ஐந்து பேர் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பூஜை அறையில் வைத்துவிட்டு, வாயில் இருக்கிற வெள்ளைத் திட்டைக் கவனிக்காமல் இருப்பார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் அதிகம் கவலை.

வயது ஏற ஏற இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை செல்களிலேயே எழுத்துப் பிழைகள் சேரும். தலை நரைப்பதுபோல அது வயதின் வேலை, பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிழையை மட்டும் பார்க்கிற சோதனையில் அது கட்டியின் பிழைபோலத் தெரியும். வெள்ளை அணுக்களையும் தனியாகப் படித்துக் கழித்தால்தான் உண்மை தெரியும். எல்லா லேபும் அதைச் செய்வதில்லை.

தள்ளுபடிப் பணத்தை வேறு வழியில் செலவழிக்கலாம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், காசே ஆகாது. வீட்டுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனையும் மார்பகச் சோதனையும். நல்லவேளையாக, கர்ப்பப்பை வாய்க்கு இப்போது செய்யும், எச்பிவி என்ற வைரஸைத் தேடும் சோதனையும் டிஎன்ஏ சோதனைதான். டிஎன்ஏதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதை எடுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

என்ஐபிடி என்பது லோ கண்டுபிடித்ததன் நேரடி வாரிசு. 2008ல் அவருடைய குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் குவேக் குழுவும், மிதக்கிற துண்டுகளை லட்சக்கணக்கில் எண்ணி 21ஆம் குரோமோசோமிலிருந்து வருவது சற்று அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2011ல் சந்தைக்கு வந்தது. பத்து வாரத்துக்கு மேல் அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் பத்தில் ஒன்று அளவுக்குக் கரு பக்கத்திலிருந்து வரும். பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடும் கேன்சர் சோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இது எவ்வளவு சுலபமான கேள்வி என்று புரியும். அதனால்தான், 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமை 100க்கு 99 தடவை பிடிக்கிறது.

‘கரு பக்கத்திலிருந்து’ என்று எழுதியது வேண்டுமென்றேதான். அந்தத் துண்டுகள் பெரும்பாலும் பிள்ளையிடமிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. நஞ்சும் பிள்ளையும் ஒரே கருவில் பிறந்தவைதான், ஆனால் அபூர்வமாக நஞ்சில் மட்டும் குரோமோசோம் கோளாறு இருக்கும், பிள்ளை நன்றாக இருக்கும். ஆகையால் பாசிட்டிவ் வந்தால் அது தீர்ப்பு இல்லை. 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இதை ரிப்போர்ட் கொடுக்கிறவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

வயதும் முக்கியம். தவறான பாசிட்டிவ் 1,000க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 25 வயதுத் தாய்மார் 10,000 பேரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கரு எட்டு, பத்துதான் இருக்கும். தவறான பாசிட்டிவும் பத்து. அப்படியென்றால் பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. 40 வயதுத் தாய்மார் 10,000 பேரில் சுமார் நூறு பேருக்கு இருக்கும், தவறான பாசிட்டிவ் அதே பத்து. அங்கே பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் உண்மை. சோதனை ஒன்றுதான், ஆள் மாறினால் அர்த்தம் மாறுகிறது. சின்னச் சின்ன குரோமோசோம் இழப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய பேக்கேஜ் சொல்வார்கள். அவை மிக அபூர்வம் என்பதால் அங்கே தவறான பாசிட்டிவ்தான் அதிகம். மகளுக்கு அடிப்படை பேக்கேஜ் போதும்.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படுகிற விஷயம். அத்தை மகனைக் கட்டியதால் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதானே இந்தக் கேள்வி? நம் பக்கத்தில் எத்தனையோ கல்யாணம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்றுதானே நடக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. ஆனால் சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது டவுன் சிண்ட்ரோம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுதான மரபணு வந்து சேரும் நோய்கள்தான் கூடும். தலசீமியா என்ற ரத்த நோய், பிறவிச் செவிட்டுத்தன்மையின் சில வகைகள், சில வளர்சிதைக் கோளாறுகள் இந்த இனம். பொதுவாக 100 பிறப்பில் 2, 3 பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு இருக்கும் என்றால், சொந்தத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். என்ஐபிடி குரோமோசோமின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, இவற்றில் ஒன்றையும் பார்க்காது. ‘என்ஐபிடி நார்மல், இனி கவலையில்லை’ என்று சொந்தத்தில் கட்டிய தம்பதிகள் நிம்மதியாகப் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வேண்டியதைச் சொல்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் தலசீமியா பார்க்கும் ஹீமோகுளோபின் சோதனை, உடனே. இரண்டு குடும்பத்திலும் சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், காது கேளாதவர்கள், காரணம் தெரியாத வலிப்பு யார் யாருக்கு இருந்தது என்று ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒரு தாள். பிறகு 11 முதல் 13 வாரத்துக்குள் பிள்ளையின் பிடரியை அளக்கும் என்டி ஸ்கேன், 18, 20 வாரத்தில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். அந்தத் தாளோடு ஒரு மரபியல் டாக்டரைப் பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்று அவர் சொல்வார். மறுபடியும் அதே கதைதான், என்ன தேடுகிறோம் என்று தெரிய வேண்டும்.

இந்த ரத்தத்திலேயே ஆணா பெண்ணா என்பதும் தெரியும். லோ முதலில் பார்த்ததே ஒய் குரோமோசோமைத்தானே. நம் நாட்டில் 1994ஆம் வருடத்துச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். கேட்டவருக்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. உங்களுக்காகச் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டில் யாராவது நைசாகக் கேட்டால் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

மைனிக்கு வருவதற்கு முன்னால் ஒரு சம்பவம். டியூப் விஷயத்தை அது இல்லாமல் புரியவைக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன், முக்கூடல் பக்கத்து அம்மா ஒருவர். முப்பது வருடம் பீடி சுற்றியவர், ஒரு நாளும் குடித்ததில்லை. நுரையீரலில் கட்டி, ‘ஈஜிஎஃப்ஆர்’ என்ற மரபணுவில் பிழை. அதற்கான மாத்திரையில் ஒரு வருடம் நன்றாக இருந்தார், பிறகு கட்டி வளர ஆரம்பித்தது. அந்தப் பழைய மாத்திரைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ‘டி790எம்’ என்ற புதுப் பிழை வந்து மாத்திரையை முறித்துவிடும், அது இருந்தால் அடுத்த மாத்திரைக்கு மாறலாம். மறுபடி ஊசி போட்டுத் திசு எடுக்க முடியாத இடம். ரத்தத்தில் பார்ப்போம் என்று முடிவாயிற்று. என்ன தேடுகிறோம் என்று தெளிவாகத் தெரிந்த கேள்வி. 2016ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்த லிக்விட் பயாப்சியே இந்த மரபணுவுக்குத்தான்.

ஒரு கலெக்‌ஷன் சென்டரில் சனிக்கிழமை சாயங்காலம் ஊதா மூடி டியூபில், ஹீமோகுளோபின் பார்க்க எடுப்பதுபோல, ரத்தம் எடுத்தார்கள். ஞாயிறு கூரியர் கிடையாது. மே மாதம், கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. திங்கள் இரவு பெட்டியில் ஏறி, செவ்வாய் பெங்களூரு போய்ச் சேர்ந்தது. டி790எம் இல்லை என்று ரிப்போர்ட். அந்த அம்மாவின் மகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் பார்த்தது கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியை: பிளாஸ்மாவில் மொத்த டிஎன்ஏ வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம், துண்டுகள் பெரிது பெரிதாக இருக்கின்றன. உதிரி டிஎன்ஏ 166 எழுத்துதான் இருக்கும் என்றேனே. பெரிய துண்டு என்றால் வெள்ளை அணுக்கள் டியூபிலேயே செத்து உடைந்திருக்கின்றன.

ஒரு மில்லி ரத்தத்தில் ஐம்பது லட்சம் வெள்ளை அணு என்று வைத்தால், அவற்றுக்குள் இருக்கிற டிஎன்ஏ 33,000 நானோகிராம். ஆயிரத்தில் ஒன்று உடைந்தாலே 33 நானோகிராம், நாம் தேடி வந்த உதிரியைவிடப் பத்து மடங்குக்கு மேல். படியளவு உளுந்தில் கலந்த நாலு மிளகைத் தேட வந்த இடத்தில் இன்னும் ஒரு மூட்டை உளுந்தைக் கொட்டிய மாதிரி. ஊதா மூடி டியூபில் எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். ஒரு தடவை மெதுவாக, அப்புறம் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து இன்னொரு தடவை வேகமாக. அது முடியாத ஊர்களுக்கென்று வெள்ளை அணு உடையாமல் காக்கும் மருந்து போட்ட தனி டியூப் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். நம் ஊர் அல்வாவை வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடலாம், இந்த ரத்தத்துக்கு ஆறு மணி நேரம்தான் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. அந்தத் தனி டியூபில் திரும்ப எடுத்து அனுப்பினோம். டி790எம் இருந்தது. மாத்திரையை மாற்றினார்கள். இடையில் போனது ஐந்து வாரம்.

அந்த முதல் ரிப்போர்ட் சரியாக வந்திருந்தாலும், இல்லை என்பதை அப்படியே நம்பக் கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். திசுவில் இருப்பதில் பத்துக்கு ஏழைத்தான் ரத்தம் காட்டும். இருக்கிறது என்றால் நம்பலாம், இல்லை என்றால் முடிந்தவரை திசுவைப் பார்க்க வேண்டும்.

ரத்தம் தவிர மற்றவற்றிலும் இது உண்டு. சிறுநீரில் இன்னும் பொடிப்பொடியாக வரும். மூளைக் கட்டிக்கு ரத்தத்தைவிடத் தண்டுவட நீர் நல்லது. ஆர்என்ஏவையும் தேடுகிறார்கள், ஆனால் உறையில்லாத ஆர்என்ஏ ரத்தத்தில் நொடிகளில் அழிந்துவிடும். உறைக்குள் இருக்கிற வைரஸ் ஆர்என்ஏ போன்றவை தாக்குப்பிடிக்கும், எச்ஐவி வைரல் லோட் சோதனை பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. ‘மைக்ரோ ஆர்என்ஏ’ வைத்து கேன்சர் கண்டுபிடிக்கும் பேக்கேஜ் யாராவது விற்றால் இப்போதைக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சிவப்பணு நாலு உடைந்தாலே அதன் எண் தலைகீழாக மாறும்.

சரி, மைனி. இரண்டாம் கட்டம் என்றால் கட்டி குடல் சுவரைத் துளைத்திருக்கிறது, நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை. இந்தக் கட்டத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு ஆபரேஷனோடு நோய் முடிந்துவிடும். மீதி ஒருவருக்குத் திரும்ப வரும். அந்த ஒருவர் யார் என்று தெரியாததால்தான் டாக்டர் தயங்குகிறார், அவர் மேல் தப்பில்லை. உதிரி டிஎன்ஏ உண்மையிலேயே உதவுகிற இடம் இது. ஆஸ்திரேலியாவில் 455 நோயாளிகளை வைத்து நடந்த ‘டைனமிக்’ ஆய்வு 2022ல் வெளியானது. ஒரு பிரிவில் வழக்கம்போல டாக்டர் முடிவெடுத்தார். இன்னொரு பிரிவில் ஆபரேஷனுக்குப் பிறகு நாலாவது, ஏழாவது வாரங்களில் ரத்தம் எடுத்து, அவரவர் கட்டியின் பிழையைத் தேடி, இருந்தால் மட்டும் கீமோ. வழக்கப் பிரிவில் 28 சதவீதம் பேருக்குக் கீமோ போயிற்று, ரத்தம் பார்த்த பிரிவில் 15 சதவீதம். இரண்டு வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 92.4, இரண்டாவதில் 93.5 சதவீதம். அதாவது கீமோ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தும் நஷ்டமில்லை.

கவனியுங்கள், அது கட்டியை முதலில் படித்துவிட்டுத் தேடிய சோதனை. மைனிக்கு எடுப்பதானால் அந்த வகையைத்தான் கேட்க வேண்டும். கட்டியைப் படிக்காமல் வெறும் ரத்தத்தில் தேடும் வகை விலை குறைவு, ஆனால் மேலே சொன்ன 6,000 பிரதிக் கணக்கில் அது தவறவிடும் வாய்ப்பு அதிகம். கட்டியைப் படித்து, அவருக்கென்று சோதனையைத் தயார் செய்ய மூன்று நாலு வாரம் ஆகும். கீமோ கொடுப்பதானால் ஆபரேஷன் ஆன எட்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. இப்போதே மூன்று வாரம் போய்விட்டது. ஆகவே யோசிக்க இருப்பது இந்த வாரம் மட்டும்தான். ரத்தத்தை இன்றைக்கே எடுக்க வேண்டாம். ஆபரேஷன் புண் ஆறும்போது நல்ல செல்களின் உதிரியே ரத்தத்தில் பெருகிக் கிடக்கும், நாலு வாரம் முடியட்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று என்றேனே, அது ‘எம்எம்ஆர்’ சோதனை. எடுத்த கட்டியிலேயே நாலு புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்பது. சில ஆயிரம் ரூபாயில் முடியும், சில நாளில் ரிப்போர்ட் வரும். ஏற்கனவே செய்திருக்கிறார்களா என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அந்தப் புரதத்தில் ஒன்று இல்லை என்று வந்தால், இரண்டாம் கட்டத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, வழக்கமான 5-எஃப்யூ கீமோவால் பலனும் இல்லை. பெரிய செலவு இல்லாமலே டாக்டரின் தயக்கம் தீர்ந்துவிடலாம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் உண்மையான பதில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் போவது சிலருக்குப் பரம்பரை, ‘லிஞ்ச் சிண்ட்ரோம்’ என்பார்கள். எல்லாருக்கும் இல்லை, அதை உறுதிப்படுத்த ஒரு சாதாரண ரத்தச் சோதனை போதும். அதில் பார்ப்பது வெள்ளை அணுவின் டிஎன்ஏவை. மைனி வேறு வீட்டிலிருந்து வந்தவர், நமக்கென்ன என்று நினைக்கலாம். உங்கள் கடிதத்தில் அண்ணன் கட்டியது மாமா மகளை என்று எழுதியிருக்கிறீர்கள். பழுது மாமா வழியாக வந்திருந்தால் மாமாவோடு பிறந்த உங்கள் அம்மாவிடமும் அது இருந்திருக்கலாம், அங்கிருந்து அண்ணனுக்கும் உங்களுக்கும் வரலாம். மைனிக்கு அந்தப் பழுது உறுதியானால் அந்த ஒன்றை மட்டும் குடும்பத்தில் தேடுவது பெரிய செலவில்லை. இருக்கிறவர்கள் காலத்தோடு கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டால் கட்டி ஆவதற்கு முன்பே எடுத்துவிடலாம். ஐம்பது கேன்சர் பேக்கேஜை விட இது உங்கள் வீட்டுக்கு நூறு மடங்கு பொருத்தம்.

இந்த எல்லாவற்றுக்கும் வேண்டியது மைனியின் கட்டித் திசு பதித்த மெழுகு பிளாக். அது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி லேபில் இருக்கும். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். எந்த பிளாக்கில் கட்டி அதிகம் இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதிய டாக்டரிடமே கேட்டு, அந்த எண்ணைக் குறித்து வாங்குங்கள். மொத்தத்தையும் வாங்கி வர வேண்டாம், ஒன்றிரண்டு அங்கேயே இருக்கட்டும். வாங்கிக்கொண்டு வரும்போது கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். பாரஃபின் மெழுகு 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும், பாளையங்கோட்டை வெயிலில் நிறுத்தின காருக்குள் அது வந்துவிடும். சட்டைப்பையும் வேண்டாம். சாப்பாட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலோடு வைத்துக் கொண்டுவாருங்கள்.